அம்மா பேசி அனுப்பிய கேசட்டுகளைச் சரிசெய்தது

சித்தி வீட்டுப் பரணில் கிடந்த தகரப் பெட்டியிலிருந்து நான்கு கேசட்டுகளும் ஒரு நேஷனல் பானசோனிக் டேப் ரிக்கார்டரும் என் கைக்கு வந்தன. மூன்று கேசட்டுகள் அம்மா பேசியவை. ஜித்தாவில் வேலை பார்த்த அப்பாவுக்கு அனுப்பி, அப்பா ஊரோடு வந்தபோது பெட்டியோடு திரும்பியவை. நான்காவது, அப்பா பேசி வீட்டுக்கு அனுப்பியது. அம்மா 1987-இல் இதய வால்வு நோயால் இறந்தார். அவருக்கு வயது 29, எனக்கு நான்கு. முகத்துக்குப் புகைப்படம் இருக்கிறது. குரல் எனக்குத் துளியும் நினைவில் இல்லை. இந்த வேலையைக் கடையில் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். வேறு யாரோ முதலில் கேட்டுவிட்டு அந்தக் குரலை என்னிடம் தருவதை மனம் ஏற்கவில்லை.

வளைகுடாவுக்கு ஆள் போயிருந்த வீடுகளில் எண்பதுகளில் இப்படிப் பேசி அனுப்புவது சகஜம். டிரங்க் கால் போட்டுக் காத்திருந்து, கிடைத்த மூன்று நிமிடத்தைக் கத்திப் பேசித் தீர்ப்பதைவிட, ஆற அமர அரை மணி நேரம் பேசி நிரப்பிய கேசட் எவ்வளவோ மேல். ஊருக்குப் புறப்படுகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அவர் திரும்பும்போது பதில் போகும். பெரும்பாலும் அதே கேசட்டில், பழைய பேச்சின்மேல் புதிய பேச்சைப் பதிந்துதான் பதில் போகும். ஆகவே வருடக்கணக்காகப் பேசிய குடும்பத்திலும் மிஞ்சுவது கடைசியில் அழிக்கப்படாமல் போன சில கேசட்டுகள் மட்டுமே.

பழைய கேசட் கிடைத்ததும் பிளேயரில் போட்டு அழுத்தத்தான் கை போகும். போடாதீர்கள். முதலில் வெளிச்சத்தில் பிடித்து, நடுவில் இருக்கும் சிறு கண்ணாடி வழியாக டேப்புச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் வழவழப்பாக இருந்தால் நல்லது. வெள்ளைப் பொடி தூவியதுபோல் தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை ஓட்டினால் பூஞ்சை இயந்திரத்தில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும், மூக்குக்குள்ளும் போகும். எங்கள் நான்கில் இரண்டாவது கேசட்டில் அது இருந்தது. சிலிக்கா ஜெல் பைகளுடன் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுத் தனியே வைத்துவிட்டேன். மற்ற மூன்றுக்கும் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு தகடுகளை உடைத்தேன். அவை உடைந்திருந்தால் ரெக்கார்டு பட்டன் அழுந்தாது. நாற்பது வருடம் தப்பித்த குரல் ஒரு கைத்தவறுதலில் அழிந்துபோகக் கூடாது.

மிகுந்த பழுது அம்மா கடைசியாகப் பேசிய கேசட்டில். டேப்புக்குப் பின்னால், நடு வாயில், மெல்லிய செப்புச் சுருள்தகட்டின்மேல் ஒரு சின்னக் கம்பளிப் பஞ்சு ஒட்டியிருக்கும். டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு டேப்பை அழுத்திப் பிடிப்பது அதுதான். வெயிலிலும் வருடத்திலும் பசை காய்ந்து பஞ்சு விழுந்துவிடும். விழுந்தால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடும். கேசட்டைக் குலுக்கியபோதே உள்ளே ஏதோ உருண்டது தெரிந்தது. இந்தக் கேசட்டின் ஓட்டில் திருகு கிடையாது, இரண்டு பாதியும் உருக்கி ஒட்டப்பட்டவை. இப்படிப்பட்டதைத் திறந்தால் மறுபடி மூட முடியாது. ஆகவே ஐந்து திருகு போட்ட நல்ல வெற்று கேசட் ஒன்றை முதலில் தயார் செய்துகொள்ள வேண்டும்.

செய்த விதம் இது. மேசையில் வெள்ளைத் துணி விரித்தேன். பருத்திக் கையுறை போட்டேன். ஒட்டிய கோட்டின்மேல் மெல்லிய பிளேடை வைத்து, டேப்பு வெளியே தெரியும் வாய்ப்பக்கத்தை விட்டுவிட்டு, எதிர்ப்பக்க மூலையிலிருந்து மெதுவாக நெம்பினேன். பிளேடின் நுனி ஓட்டின் கனத்தைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. போனால் சுருளைக் கிழிக்கும். மேல் ஓடு விடுபட்டதும் அதன் அடியில் இருந்த வழுக்குத்தாளை எடுத்தேன். இரண்டு சக்கரங்களும், அவற்றுக்கு இடையில் மூலை உருளைகளைச் சுற்றிப் போகும் டேப்பும் அப்படியே கண்முன் கிடந்தன. டேப்பு போகும் பாதையைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டேன். இரண்டு சக்கரங்களின்மேலும் உள்ளங்கையை வைத்து, சுருள் குலையாமல் ஒரே தூக்கில் புதிய ஓட்டுக்கு மாற்றினேன். சுருள் குலைந்து நடு வட்டம் மட்டும் கீழே இறங்கிவிட்டால் அதைத் திரும்ப ஒழுங்காக்குவது பெரும்பாடு. டேப்பின் பூச்சுள்ள பக்கம் வெளிநோக்கி, ஹெட்டைப் பார்த்து இருக்க வேண்டும். மடங்கவோ முறுக்கவோ செய்யாமல் உருளைகளில் சுற்றி, புதிய பஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து, வழுக்குத்தாளை வைத்து மூடித் திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கினேன். ஓட்டின் மேல் அப்பாவின் பெயரை அம்மா நீல மையில் எழுதிய காகிதம் இருந்தது. பழைய ஓட்டை எறியவில்லை, அந்தக் காகிதத்தோடு தனியாக இருக்கிறது.

அப்பா அனுப்பிய கேசட்டில் டேப்பு ஒரு முறை அறுந்து, சாதாரண செல்லோ டேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. அக்காலத்தில் எல்லா வீட்டிலும் செய்ததுதான். ஆனால் அந்தப் பசை நாளடைவில் வெளியே கசிந்து அடுத்தடுத்த சுற்றுகளில் ஒட்டிக்கொள்ளும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுப் பின்பக்கம் மட்டும் துடைத்தெடுத்து, கேசட் டேப்பின் அகலமான 3.81 மில்லிமீட்டருக்கென்றே வரும் ஒட்டுநாடாவால் முனையோடு முனை சேர்த்து ஒட்டினேன். பிறகு, பூஞ்சை பிடித்ததைத் தவிர மற்ற மூன்று கேசட்டுகளையும் ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றினேன். வருடக்கணக்கில் ஒன்றோடொன்று படிந்த சுற்றுகள் தளர வேண்டும்.

டேப் ரிக்கார்டரின் உள்ளே பெல்ட் தாராக உருகி, சக்கரத்தில் அப்பியிருந்தது. சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, சென்னை ரிச்சி தெருவில் அளவு பார்த்து வாங்கிய பெல்டைப் போட்டதும் ஓடியது. ஆனால் வேகம் நிலையில்லாமல் ஆடியதால் கணினிக்கு மாற்றும் வேலைக்கு அது உதவாது. அதே தெருவில் பழைய கேசட் டெக் ஒன்று கிடைத்தது. ஹெட்டையும் இரும்புத் தண்டையும் ஆல்கஹாலாலும், ரப்பர் உருளையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியாலும் துடைத்தேன். ரப்பருக்கு அடிக்கடி ஆல்கஹால் பட்டால் காய்ந்துவிடும்.

இனி ஹெட்டின் சாய்வு. ஒவ்வோர் இயந்திரத்திலும் ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்திருக்கும். எந்தச் சாய்வில் பதிந்ததோ அதே சாய்வில் கேட்டால்தான் ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகள் துலங்கும். ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சுருள்கம்பித் திருகை, டேப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே, மிக மிகச் சிறிதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். மங்கிக் கிடந்த பேச்சு ஓரிடத்தில் சட்டென்று தெளியும். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டும். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பட்டன் அணைந்திருக்கட்டும். கணினியில் ஆடாசிட்டி மென்பொருள், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. பேச்சுக்கு இது தாராளம்.

அம்மா காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறார். “நலம். நலமறிய ஆவல். நீங்கள் கொடுத்தனுப்பிய துணியும் தைலமும் வந்து சேர்ந்தன.” கடிதத் தமிழ், ஆனால் வாய்விட்டுச் சொன்னது. நான் கேட்டேன். எனக்கு ஒப்பிட எதுவும் இல்லை என்பதால் அதுதான் அம்மாவின் குரல் என்று எடுத்துக்கொண்டேன். சித்தியை அழைத்துக் கேட்க வைத்தபோது அவர் முகம் சுருங்கியது. “இது அக்கா மாதிரி இருக்கிறது, அக்கா இல்லை, தம்பி. அக்காவுக்குக் கீச்சுக்குரல் கிடையாது. கொஞ்சம் கனத்த குரல்” என்றார்.

சித்தி சொன்னதில் விஷயம் இருந்தது. பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும்போது பதிந்தால் டேப்பு மெதுவாக ஓடும். அதைச் சரியான வேகமான விநாடிக்கு 4.76 சென்டிமீட்டரில் ஓட்டினால் குரல் உயர்ந்து, பேச்சு விரைந்து கேட்கும். எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஏதாவது ஒரு அளவுகோல் வேண்டும். மின்சாரத்தில் இணைத்துப் பதிந்திருந்தால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் அடியில் இருக்கும், இதில் இல்லை. ஆனால் அம்மாவுக்குப் பின்னால், எங்கோ திண்ணையில், வானொலி பாடிக்கொண்டிருந்தது. டெல்டாவில் இலங்கை வானொலி ஒலிக்காத வீடு அன்று குறைவு. பாட்டு எதுவென்று சித்திக்குத் தெரிந்தது. அதே பாட்டை இன்றைய நல்ல பதிவில் எடுத்து, சுருதி ஒத்து வரும்வரை அம்மாவின் பதிவின் வேகத்தைக் குறைத்தேன். தொடக்கத்தில் ஏறக்குறைய அரைச்சுருதி வித்தியாசம், கேசட்டின் முடிவில் அதைவிட அதிகம், பேட்டரி போகப் போகத் தளர்ந்திருக்கிறது. துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாகச் சரிசெய்தேன். இரண்டாம் முறை சித்தி எதுவும் சொல்லவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

பிறகு சுத்தம் செய்யும் கட்டம். அலைவடிவத்தில் ஊசி குத்தியதுபோல் நேர்க்கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு ‘டக்’. கடைசிக் கேசட் முழுக்க அவை இருந்தன. மென்பொருளே கண்டுபிடித்து நீக்கும் வசதி இருக்கிறது. நீக்குவதற்கு முன் அவை ஏன் வருகின்றன என்று பார்க்க விரும்பினேன். டேப்பில் பூச்சு உதிர்ந்திருந்தால் ஒலி ஒரு கணம் மங்கித் திரும்பும். மின்சாரம் போனால் மோட்டார் தளர்ந்து நிற்பதால், கேட்கும்போது குரல் கீச்சிட்டு முடியும். இவை இரண்டும் இல்லை. ஒவ்வொரு ‘டக்’குக்கும் அடுத்த எழுத்து மட்டும் கீச்சென்று தொடங்கி, உடனே நிதானத்துக்கு வந்தது. சந்தேகம் தீர, அதே பானசோனிக்கில் வெற்று கேசட்டைப் போட்டு நானே பேசி, பதிவைச் சற்று நிறுத்தி வைக்கும் பாஸ் பட்டனை அழுத்தி விடுவித்துப் பார்த்தேன். அச்சு அசலாக அதே ‘டக்’, அதே கீச்சு. பாஸ் விடுபட்டதும் டேப்பு வேகம் பிடிக்க ஆகும் நேரத்தில் பதிந்த எழுத்து அது.

முதல் கேசட்டிலும் பாஸ் இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு விஷயம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இருக்கிறது. கடைசிக் கேசட்டில் வாக்கியத்தின் நடுவில் வருகிறது. “வயலுக்கு இந்த முறை” என்று ஒரு ‘டக்’. “தண்ணீர் வந்துவிட்டது, மாமா” என்று ஒரு ‘டக்’. “நேற்று வந்து பார்த்துவிட்டுப் போனார்.” வாசிக்கிற யாரும் அந்த இடங்களில் நிறுத்த மாட்டார்கள். ஒவ்வொரு ‘டக்’குக்கும் முந்தைய சொல் மெலிந்து, காற்றாகி இருந்தது.

சித்தியிடம் கேட்டேன். அப்போது அவருக்குப் பதினாறு வயது, பட்டனை அழுத்தியது அவர்தான். “அக்கா கையைத் தூக்கினால் நான் அழுத்துவேன். மூச்சு வந்ததும் தலையாட்டும், எடுத்துவிடுவேன். இரைப்பு அவருக்குக் கேட்கக் கூடாது, தனியாகக் கிடக்கிறவர் பயந்துவிடுவார் என்று சொல்லும்.”

அம்மாவுக்குச் சிறுவயதில் தொண்டைப் புண் வந்து, அதன்பின் காய்ச்சலும் மூட்டு வலியும் வந்து போயிருக்கிறது. மூட்டு வலி போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் தொண்டைப் புண்ணுக்குப் பிறகு, சில குழந்தைகளின் உடல் தன் இதய வால்வையே தாக்கத் தொடங்கும். ருமாட்டிக் காய்ச்சல் மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும் என்று மருத்துவ மாணவர்களுக்குப் பழைய வாசகம் ஒன்று சொல்லித் தருவார்கள். வால்வு தடித்துச் சுருங்கி, வெளியே தெரியாமல் பல வருடம் இருக்கும். கர்ப்ப காலத்தில் உடலின் இரத்த அளவு 40 சதவீதத்துக்கும் மேல் கூடுவதால், சுருங்கிய வால்வு தாங்காமல் அப்போதுதான் பல பெண்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கும். என்னைச் சுமந்தபோதுதான் அம்மாவுக்கும் தொடங்கியது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில் பென்சிலின் ஊசி. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் இரவெல்லாம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே இருப்பார். வால்வைப் பிரித்துவிடும் அறுவைச் சிகிச்சை வேலூரிலும் சென்னையிலும் அப்போதே நடந்துகொண்டிருந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவான சித்ரா என்ற செயற்கை இதய வால்வு 1990 டிசம்பரில்தான் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்த நாள் வரவில்லை, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது.

உங்கள் வீட்டுக் குழந்தைக்குத் தொண்டைப் புண் வந்து, சில வாரங்களில் ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவும் வலி வந்தால், தயவுசெய்து மருத்துவரிடம் காட்டுங்கள். பென்சிலின் விலை உயர்ந்த மருந்து அல்ல.

ஆகவே ‘டக்’குகளை நீக்கவில்லை. இரைச்சலைக் குறைக்கும் கருவியையும் அந்தக் கேசட்டில் பயன்படுத்தவில்லை. அது டேப்பின் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலை ஓரிடத்தில் கற்றுக்கொண்டு எல்லா இடத்திலும் கழிக்கும். மூச்சும் அதே மாதிரிப் பரந்த ஒலி என்பதால் அதையும் சேர்த்துத் துடைத்துவிடும். சோதனைக்காக ஒரு பகுதியில் போட்டுக் கேட்டபோது பேச்சு பளிங்காக வந்தது, ஆனால் நோயில்லாத யாரோ ஒருவர் பேசுவதாக இருந்தது. பழைய பதிவைச் சரிசெய்கிறவர்கள் எதை அழுக்கென்று எடுக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேகத்தைத் திருத்தியதில் எனக்குத் தயக்கமே இல்லை, அது பேட்டரியின் குறை. மூச்சு அம்மாவுடையது.

அப்பாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கேட்க வைக்கலாமா என்று சித்தியும் நானும் யோசித்துத்தான் முடிவு செய்தோம். காதுக்கருவியைக் கழற்றிவிட்டு, ஹெட்ஃபோனைத் தானே மாட்டிக்கொண்டார். முதல் ‘டக்’கிலேயே நிமிர்ந்து பார்த்தார். “இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பழைய ரிக்கார்டர் கெட்டுவிட்டது என்று நினைத்துத்தான் இந்தப் பானசோனிக்கை வாங்கிக் கொடுத்தனுப்பினேன். புதியதிலும் அதே சத்தம் வந்தது. அன்றைக்கே முதலாளியிடம் விடுப்புக் கேட்டேன்” என்றார். அம்மாவின் கடைசி இரண்டு மாதமும் அப்பா பக்கத்திலேயே இருந்தார் என்று எனக்குத் தெரியும். ஏன் கிளம்பினார் என்று இதுவரை தெரியாது.

அப்பா பேசிய கேசட்டைக் கடைசியாக எடுத்தேன். 1982-இல் பதிந்தது. நான் வரப்போகும் செய்தி கிடைத்து, என்ன பெயர் வைக்கலாம், வளைகாப்புக்கு வர முடியாதே என்றெல்லாம் பேசியிருக்கிறார். இரண்டாம் பக்கத்தில் பாதிக்குமேல் போனதும், “உடம்பைப் பார்த்துக்கொள்” என்று சொல்லி நிறுத்திவிட்டார். இங்கே டேப்பை நிறுத்தாமல் ஓடவிடுங்கள் என்று பேச்சுக் கேசட் வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்வேன். பதிவு நிற்கும் இடத்தில் அழிக்கும் ஹெட்டும் நின்றுவிடும். அதற்கு அப்பால் அதே கேசட்டில் முன்பு பதிந்தது அப்படியே இருக்கும். ஒரு ‘டக்’, அதற்குப் பின் வாக்கியத்தின் நடுவிலிருந்து அம்மா. காகிதம் இல்லாமல் பேசுகிறார். அப்பாவின் அக்கா ஒரு புடவையைப் பற்றிச் சொன்ன சொல்லுக்குத் தான் என்ன பதில் சொன்னேன் என்று, இரண்டு பேர் குரலிலும் நடித்துக் காட்டிக்கொண்டே, மூச்சுவிட நேரமில்லாமல் ஓடுகிறது பேச்சு. நடுவில் ஒரு சிரிப்பு, அதோடு கலந்து சித்தியின் சின்னப் பெண் குரல். ஏழு நிமிடம், பாஸ் ஒன்றுகூட இல்லை. சித்தி சொன்ன கனத்த குரல் இதுதான்.

கோப்புகளைத் திருத்தாத மூலம், வேகம் மட்டும் திருத்தியது என்று இரண்டு வகையாகப் பிரித்து, என் கணினியிலும் தனி ஹார்டு டிஸ்கிலும் சித்தி மகளின் வீட்டிலும் வைத்திருக்கிறேன். கேசட்டுகளை ஒரே பக்கமாக முழுவதும் சுற்றி, நிமிர்த்தி, ஸ்பீக்கருக்கும் வெயிலுக்கும் தள்ளி அடுக்கியாகிவிட்டது. பூஞ்சை பிடித்த இரண்டாவது கேசட் டப்பாவில்தான் இருக்கிறது. ஓரத்தில் இருந்த வெள்ளை உலர்ந்து பொடியாகிவருகிறது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, சுருளின் விளிம்பை மென்தூரிகையால் வெளியே வைத்துத் தட்டி, கையால் சுற்றியபடி இரு பக்கமும் பஞ்சில்லாத துணியால் துடைக்க வேண்டும். அதற்கு இன்னொரு ஐந்து திருகு ஓடு தேவை, வாங்கி வைத்துவிட்டேன்.